தனியே வைத்த குடுவை

சென்ற ஆண்டு செப்டம்பர் மாதத்தில், கனடா நாட்டின் டொராண்டோ மாநகரில் வாழும் என் மகளின் இல்லத்தில் ஆறு வாரங்கள் தங்கியிருக்கும் வாய்ப்பு இறையருளால் எனக்குக் கிட்டியது. கடலெனப் பரந்து கிடக்கும் ஒண்டாரியோ ஏரியையும், நயாகரா நீர்வீழ்ச்சியையும் கண்டு வியந்தேன். அவற்றைப் பற்றி எழுதியோர் பலர். நான் இங்கு எழுத விழைவது, சுற்றுலா செல்வோர் எட்டிப் பாராத ஒரு கடையைப் பற்றி. வீட்டிலேயே திராட்சை இரசம் தயாரிப்போருக்கு வேண்டிய பொருள்களை விற்கும் கடை அது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நான் மதுவைத் தொடாதவன். என் அண்ணன் குடிப்பழக்கத்தினால் தம் நாற்பத்து மூன்றாம் வயதில் இறந்தார். அவரை அடக்கம் செய்த அன்று கல்லறையருகே நின்று நான் செய்த வாக்குறுதியை இன்றளவும் காத்து வருகிறேன். ஆகவே, மகளின் அண்டை வீட்டுப் பெரியவர், "திராட்சை வாங்கப் போகிறேன், நீங்களும் வாருங்கள்" என்று அழைத்தபோது என் கால்கள் தயங்கின. "போய்த்தான் பார்த்து வாருங்களேன், அப்பா. அது குடிக்கும் இடமல்ல, உழைக்கிறவர்கள் வரும் இடம்" என்றாள் மகள்.

அப்பெரியவர் இத்தாலி நாட்டின் தென்கோடியிலுள்ள கலாபிரியாவிலிருந்து 1966-ஆம் ஆண்டில், இருபது வயது இளைஞராகக் கப்பலேறி வந்தவர். கட்டட வேலை செய்து குடும்பத்தை வளர்த்தவர். இரண்டாம் உலகப் போருக்குப் பின் இவ்வாறு டொராண்டோவில் குடியேறிய இத்தாலியர் ஏராளம். தங்கள் மொழியையும் பக்தியையும் கொண்டுவந்ததுபோல், வீட்டில் திராட்சை இரசம் தயாரிக்கும் வழக்கத்தையும் அவர்கள் கொண்டுவந்தார்கள். ஞாயிறு திருப்பலியில்தான் எங்களுக்கு அறிமுகம் ஏற்பட்டது. அவருடைய காரின் முகப்பில் ஒரு செபமாலை தொங்கிற்று. அது என் தயக்கத்தைச் சற்றே தணித்தது.

நகரின் வடமேற்கே, தொழிற்கூடங்கள் நிறைந்த ஒரு தெருவில் அக்கடை இருந்தது. வாயிலில் இறங்கியதுமே பழுத்த திராட்சையின் மணம் எங்களை எதிர்கொண்டது. கலிபோர்னியாவிலிருந்து லாரிகளில் வந்த பெட்டிகள் ஆள் உயரத்துக்கு அடுக்கப்பட்டிருந்தன. ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ பதினாறு கிலோ பழம். குளவிகள் அவற்றைச் சுற்றி ரீங்காரமிட்டன. முதியவர்கள் பலர் பெட்டி பெட்டியாகக் குனிந்து, ஒரு பழத்தை விரலால் நசுக்கிப் பார்த்து, மற்றொன்றை வாயிலிட்டுச் சுவைத்து, தங்களுக்குள் வாதாடிக்கொண்டிருந்தார்கள். நம் ஊர்ச் சந்தையில் விதை நெல் பார்த்து வாங்கும் உழவர்களை அக்காட்சி எனக்கு நினைவூட்டிற்று.

பெரியவர் கறுத்த பழமொன்றைப் பிய்த்து என்னிடம் காட்டினார். தோல் மட்டுமன்றி உள்ளிருக்கும் சதையும் சிவப்பாயிருந்தது. "இது அலிகாந்தே. நிறத்துக்கு இது, சுவைக்கு ஜின்பாண்டல். இரண்டையும் கலப்பது என் தந்தையின் வழக்கம்" என்றார். பன்னிரண்டு பெட்டிகளைத் தேர்ந்தெடுத்துத் தனியே வைக்கச் சொன்னார்.

உள்ளே சென்றோம். பழம் நசுக்கும் பொறிகளும், மரச் சட்டங்களால் ஆன பிழிபொறிகளும் தரையில் வரிசையாக நின்றன. ஐம்பத்து நான்கு லிட்டர் கொள்ளும் கண்ணாடிப் பெருங்குடுவைகள் பிளாஸ்டிக் கூடைகளுக்குள் வீற்றிருந்தன. சுவரோரத் தட்டுகளில் ரப்பர்க் குழாய்கள், தக்கைகள், புட்டி கழுவும் தூரிகைகள் முதலியன குவிந்திருந்தன. பொருள்களில் ஏறக்குறையப் பாதி, கழுவுவதற்கும் தூய்மை செய்வதற்கும் உரியவை என்பதே என்னை முதலில் வியப்பில் ஆழ்த்தியது.

அதைக் கேட்டதும் கடைக்காரர் சிரித்தார். "கெட்டுப்போகும் இரசத்தில் பெரும்பகுதி பழத்தின் குறையால் கெடுவதில்லை, கழுவாத கையால் கெடுகிறது" என்றார். பிறகு ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டி விளக்கலானார்.

சிறிய காகித உறையொன்றில் மணல்போன்ற ஈஸ்ட் இருந்தது. கண்ணுக்குப் புலப்படாத இவ்வுயிர்கள் பழச்சாற்றின் சர்க்கரையை உண்டு, அதை ஆல்கஹாலாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றுகின்றன. சாறு நுரைப்பது உயிருள்ள ஈஸ்ட்டின் வேலையே என்பதை லூயி பாஸ்டர் என்னும் பிரெஞ்சு விஞ்ஞானி 1850-களிலும் 1860-களிலும் ஆராய்ந்து நிலைநாட்டினார். அதற்கு முன் பல்லாயிரம் ஆண்டுகளாக மனிதர் காரணம் அறியாமலே இதைச் செய்து வந்தனர்.

அடுத்து, நம் பால் சங்கங்களில் பாலைச் சோதிக்கும் லாக்டோமீட்டரைப் போன்ற ஒரு கண்ணாடிக் கருவியைக் காட்டினார். ஹைட்ரோமீட்டர் என்பது அதன் பெயர். தூய நீரில் அது 1.000 என்று காட்டும். இனிப்பு மிகுந்த புதுச் சாற்றில் 1.090 அளவில் மிதக்கும். சர்க்கரை தீரத் தீர அது கீழே அமிழ்ந்து, முடிவில் ஒன்றுக்கும் சற்றுக் குறைந்துவிடும். சாற்றில் எவ்வளவு ஆல்கஹால் ஏறியிருக்கிறது என்பதை அந்த வேறுபாட்டைக் கொண்டு கணக்கிடலாம்.

குடுவையின் வாயில் பொருத்தும் வளைந்த சிறு குழாய் ஒன்றும் இருந்தது. அதில் சிறிதளவு நீர் நிற்கும். உள்ளிருக்கும் வாயு குமிழிகளாக வெளியேறும். வெளிக்காற்று உள்ளே புகாது. புகுந்தால், காற்றை விரும்பும் வேறு நுண்ணுயிர்கள் பெருகி இரசத்தைக் காடியாக்கிவிடும். முதல் வாரத்தில் தோலும் சாறும் சேர்ந்தே நுரைக்கும். மேலே மிதந்து வரும் தோலை நாள்தோறும் இரண்டு மூன்று முறை கீழே அமிழ்த்த வேண்டும். பிறகு பிழிந்து குடுவையில் ஊற்ற வேண்டும். மண்டி அடியில் தங்கத் தங்கத் தெளிவை இறுத்து வேறு குடுவைக்கு மாற்ற வேண்டும். புட்டியில் அடைக்கும் நாள் வருவதற்குள் பல மாதங்கள் சென்றுவிடும்.

கானாவூர்த் திருமணத்தில் ஆறு கற்சாடிகளை விளிம்புவரை நிரப்பிய பணியாளர்களை நினைத்துக்கொண்டேன். அவர்கள் சுமந்த தண்ணீரின் பாரத்தை நான் அதுவரை எண்ணிப் பார்த்ததில்லை.

ஆயினும் என் உள்ளத்தை உறுத்திய கேள்வியைக் கேளாதிருக்க முடியவில்லை. "ஐயா, இதனால் கெட்டுப்போனவர்கள் இல்லையா?" என்றேன்.

கடைக்காரர் முகத்தில் சிரிப்பு மறைந்தது. "இருக்கிறார்கள். வீட்டு உபயோகத்துக்குத் தயாரிக்கலாம், விற்கக்கூடாது, உரிமமின்றிச் சாராயம் காய்ச்சக்கூடாது என்றெல்லாம் இங்கே சட்டம் உண்டு. ஆனால் ஒருவன் தன் வீட்டில் எவ்வளவு குடிக்கிறான் என்பதை எந்தச் சட்டம் அளக்கும்?" என்றார். சட்டம் முயலாமலும் இல்லை. இந்த ஒண்டாரியோ மாநிலத்தில் 1916 முதல் 1927 வரை மதுவிலக்கு நடைமுறையில் இருந்தது. அப்போதும் உள்நாட்டுத் திராட்சை இரசத்துக்கு விலக்கு அளிக்கப்பட்டிருந்தது.

பணம் செலுத்தும் வேளையில், கடைக்காரர் தாமாகவே கீழேயிருந்து திருகுமூடியுள்ள ஆறு சிறு புட்டிகளை எடுத்துப் பெரியவரின் பொருள்களோடு வைத்தார். "வழக்கமானவை" என்று மட்டும் சொன்னார். பெரியவர் தலையசைத்தார். இவ்வளவு பெரிய குடுவைகளுக்கிடையே இச்சிறு புட்டிகள் எதற்கு என்று வழியில் வினவினேன்.

அவர் சிறிது நேரம் பேசாமல் காரை ஓட்டினார். பிறகு சொன்னார்: "என் மூத்த மகன் குடிக்கு அடிமையாகி வேலையையும் இழந்தான், மனைவியையும் இழந்தான். ஒன்பது ஆண்டுகளுக்கு முன் சிகிச்சை பெற்று அதை விட்டான். ஒரு துளியும் அவன் தொடக்கூடாது. நான் இரசம் தயாரிப்பதையே நிறுத்திவிட எண்ணினேன். 'வேண்டாம் அப்பா, என்னால் நம் வீட்டுத் திருநாள் நின்றது என்று ஆகவேண்டாம்' என்று அவனே தடுத்தான். அதனால் பழம் நசுக்கிய உடனே, ஈஸ்ட் சேர்ப்பதற்கு முன், முதற்சாற்றை அவனுக்கென எடுத்துவிடுவோம். விட்டுவைத்தால் அதுவும் நுரைத்துவிடும். அதனால் அந்நேரமே புட்டிகளில் ஊற்றி உறைபெட்டியில் வைத்துவிடுவோம். குடும்பம் கூடும் நாள்களில் அவன் கண்ணாடிக் கிண்ணத்தில் அது இருக்கும். நிறம் ஒன்றுதான். யாரும் கேட்பதில்லை."

நான் ஒன்றும் பேசவில்லை. பல ஆண்டுகளுக்கு முந்திய ஒரு கிறிஸ்து பிறப்பு விழா என் கண்முன் வந்து நின்றது. விருந்தினர் முன் மானம் போகுமென்று நாங்கள் அண்ணனைப் பந்தியில் உட்காரச் சொல்லவில்லை. அவர் வெளித் திண்ணையில் அமர்ந்திருந்தார். இலையில் சோறிட்டு அவருக்குக் கொண்டுபோய்க் கொடுத்தவர் அம்மா மட்டுமே. வீட்டில் தயாரித்த திராட்சை இரசப் புட்டியை அவர் கண்ணில் படாமல் மறைத்து வைத்திருந்தோம். அவர் எழுந்து சென்றபின் அதை எடுத்து, உள்ளே இருந்த நாங்கள் பருகினோம். நானும் பருகினேன். அவருக்கென்று எதையும் நாங்கள் தனியே எடுத்து வைக்கவில்லை. அவரைத்தான் தனியே வைத்தோம்.

திருச்சபை நம்மைவிடக் கனிவுள்ள தாய் என்பதை நான் அதன்பின் உணர்ந்தேன். திருப்பலிக்குரிய இரசம் திராட்சைக் கனியினின்று பெற்ற இயற்கையானதாகவும் கெடாததாகவும் இருக்க வேண்டும் என்று 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு 924-ஆம் பிரிவில் கூறுகிறது. அந்த விதியில் தளர்ச்சி இல்லை. ஆனால் குடிநோயினால் ஒரு துளி ஆல்கஹாலும் ஏற்க இயலாத குருக்கள் இருக்கக்கூடும் அன்றோ? அவர்கள் தம் ஆயரின் அனுமதியோடு 'மஸ்தும்' என்னும் புதுச்சாற்றைப் பயன்படுத்தலாம் என்று விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் 1995-ஆம் ஆண்டிலும் மீண்டும் 2003-ஆம் ஆண்டிலும் அறிவித்துள்ளது. உறையவைத்தல் போன்ற முறையால், தன் இயல்பு மாறாமல் நொதித்தல் தடுக்கப்பட்ட திராட்சைச் சாறே அது. பீடத்தருகேயும் பலவீனருக்கென்று ஒரு குடுவை தனியே வைக்கப்பட்டிருக்கிறது!

அடுத்த சனிக்கிழமை பெரியவரின் கார்க் கொட்டகையில் மூன்று தலைமுறையினர் கூடினார்கள். நானும் பெட்டிகளைத் தூக்கிக் கொடுத்தேன். மூத்த மகன் பொறியின் கைப்பிடியைச் சுற்றினான். சாறு வழியத் தொடங்கியதும் முதற்குவளையைத் தந்தை அவனிடம் நீட்டினார். இரண்டாவதை என்னிடம் தந்தார். இருவரும் பருகினோம். அது தேனினும் இனித்தது. ஆனால் எனக்குத் தொண்டை அடைத்தது.

கிறிஸ்து பிறப்பு விழாவில் நம் இல்லங்களில் பந்தி விரிப்போம். குடியினால் வீழ்ந்த ஒருவர், அல்லது வீழ்ந்து எழ முயலும் ஒருவர், நம் குடும்பத்திலும் இருக்கலாம். அவருக்குத் தீங்கானதை அவர் முன் வைக்க வேண்டாம். அதற்காக அவரைத் திண்ணைக்கு அனுப்பவும் வேண்டாம். அவர் பருகத்தக்கதை முன்கூட்டியே நினைத்து எடுத்துவைத்து, நம் பக்கத்தில் அவருக்கு இலை போடுவோம். என் அண்ணனுக்கு நான் செய்யத் தவறியது இதுவே.