மிச்சம் வைத்தால் காசு

கிள்ளானிலிருந்து பந்திங் போகும் சாலையில், பகல் பன்னிரண்டு மணிக்கு ஜெஞ்சாரோம் வந்தால் நான் தாண்டிப் போவதில்லை. அங்கே ஒரு சீனச் சைவக் கடை இருக்கிறது. பெயர்ப்பலகை முழுக்கச் சீன எழுத்து என்பதால் எங்கள் வீட்டில் அது ‘மஞ்சக்கொடிக் கடை’. மதியம் பஃபே. தலைக்கு 13 வெள்ளி கொடுத்துவிட்டால் எத்தனை தரம் வேண்டுமானாலும் தட்டோடு எழுந்து போகலாம்.

2024 அக்டோபர் 5, புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை. அத்தையை அழைத்துப் போயிருந்தேன். எண்பத்தொரு வயது. “பெருமாள் விரதத்துக்குச் சீனங்கடையாடா தம்பி?” என்று காரில் ஏறும்போதே ஆரம்பித்தவர், உள்ளே நுழைந்ததும் வாயை மூடிக்கொண்டார். பாதிக் கூட்டம் நம்மவர்கள், நெற்றியில் நாமமும் திருநீறுமாக. மீதிப் பாதி சீனர்கள், மேலிருந்து கீழ்வரை வெள்ளை உடை. அவர்களுக்கும் அது விரத நாள்தான். ஒன்பது பேரரசர் தெய்வங்களுக்கு அவர்களுடைய ஒன்பதாம் மாதத்தின் முதல் ஒன்பது நாளும் மரக்கறிதான். நம் நவராத்திரி எந்த அமாவாசைக்கு மறுநாள் பிறக்கிறதோ, பெரும்பாலும் அதே அமாவாசைக்குப் பின்தான் அவர்கள் விழாவும் பிறக்கும். 2022, 2023, 2024 மூன்று வருடமும் இரண்டும் ஒரே நாளில் தொடங்கின. அடுத்த வருடம் சீனப் பஞ்சாங்கத்தில் ஆறாம் மாதம் இரண்டு தடவை வந்ததால் அவர்கள் ஒரு மாதம் பிந்திப் போனார்கள்.

பஃபே கடைக்காரர்களுக்கு ஒரு கணக்கு உண்டு. வரிசையில் முதலில் சோறு, அடுத்து வறுத்த பிஹூன், அதற்கடுத்து மீ. கைக்காசு அதிகம் போகும் பண்டமெல்லாம் கடைசியில். அங்கே போய்ச் சேரும்போது தட்டில் இடமிருக்காது. இது தெரிந்தும் ஒவ்வொரு முறையும் அந்த பிஹூனிடம் நான் தோற்றுத்தான் போகிறேன். முட்டைக்கோசும் காளானும் போட்டு, சட்டியின் தீய்ந்த வாசனை ஏறிய பிஹூன். அதை விட்டுவிட்டு நடக்க எனக்கு வைராக்கியம் போதாது.

அத்தைக்கு அந்தப் பலவீனம் இல்லை. கடைசித் தட்டிலிருந்து தொடங்கினார். சைவ மட்டன் கறி. காளான் தண்டை ஊறவைத்து, பிழிந்து, இழை பிரித்துச் செய்வது. விரலால் பிய்த்தால் ஆட்டுக்கறி போலவே நார் நாராக வரும். மேலே கறிவேப்பிலை மிதந்தது. அத்தை ஒரு வாய் வைத்துக் கண்ணை மூடினார். “எல்லாம் இருக்கு, என்னமோ இல்ல” என்றார். இல்லாதது வெங்காயமும் பூண்டும். கறாரான பௌத்தச் சமையலில் இரண்டும் விலக்கு. அவர்கள் விலக்கிய ஐந்து மணப்பொருள்களின் பழைய பட்டியலில் பெருங்காயமும் உண்டு என்று சொன்னேன். “அப்ப ரசத்துக்கு என்ன பண்ணுவாங்க, பாவம்!” என்றார்.

சுவரில் மலாயிலும் சீனத்திலும் ஒரு தாள் ஒட்டியிருந்தது. தட்டில் மிச்சம் வைத்தால் 100 கிராமுக்கு 3 வெள்ளி. வேறு எந்த ஊரைவிடவும் இந்த ஊருக்கு அது பொருத்தம். 2018 தொடக்கத்தில் வெளிநாட்டுப் பிளாஸ்டிக் குப்பைக்குச் சீனா கதவைச் சாத்தியதும், அதில் பெரும்பங்கு மலேசியா பக்கம் திரும்பியது. ஜெஞ்சாரோமைச் சுற்றிச் செம்பனைக்கு நடுவே உரிமமில்லாத ஆலைகள் முளைத்தன. விலைபோகாததை இரவில் கொளுத்தினார்கள். ஊர்க்காரர்கள் மூச்சுத் திணறி, புகார்மேல் புகார் கொடுத்த பிறகே பல ஆலைகளுக்குப் பூட்டு விழுந்தது. பணக்கார நாடுகள் வழித்துத் தின்றுவிட்டுத் தள்ளிய தட்டு அது. அவர்களிடம் 100 கிராமுக்கு 3 வெள்ளி வசூலிக்க யாரும் இல்லை.

அந்தத் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று அத்தை கேட்டார். சொன்னேன். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, “அப்பல்லாம் எடுக்கறதுக்கே கணக்கு” என்றார்.

இந்த ஊரே கம்பிவேலிக்குள் கட்டப்பட்ட சீனப் புதுக்கிராமங்களில் ஒன்று. 1948-இல் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. 1950-இல் பிரிக்ஸ் திட்டம் வந்தது. காட்டோரம் சிதறியிருந்த சுமார் 5 லட்சம் பேரை, பெரும்பாலும் சீனர்களை, இப்படிப்பட்ட கிராமங்களில் கொண்டுவந்து அடைத்தார்கள். காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போய்ச் சேரக்கூடாது என்பதுதான் நோக்கம். அரிசி பங்கீட்டில் வந்தது. டின்னில் அடைத்த பண்டத்தைக் கடைக்காரர் ஓட்டை போட்டுத்தான் விற்க வேண்டும், பதுக்கி வைத்தால் கெட்டுப்போகட்டும் என்று. சில இடங்களில் வீட்டில் உலை வைக்கவே தடை. பொதுச் சமையலறையில் வடித்த சோற்றை வாங்கிச் சாப்பிட வேண்டும்.

தோட்டத்து லயங்களுக்கும் வேலி போட்டார்கள். அத்தைக்கு அப்போது எட்டு வயது. “விடிகாலையில பெரட்டுக்குப் போறப்ப கேட்டுல சோதன. எங்கம்மா முந்தானைய உதறிக் காட்டணும். தூக்குச்சட்டியில பச்சத் தண்ணிதான். சோறு ஒரு பருக்க வெளிய போகக்கூடாது. வெறும் வயித்தோட பால் மரம் வெட்டிட்டு வந்து ரெண்டு மணிக்குத்தான் பசியாறும்.” சொல்லிக்கொண்டே தட்டின் ஓரத்தில் ஒட்டியிருந்த நாலு பருக்கையைச் சுண்டுவிரலால் நடுவே தள்ளினார்.

பஃபேயில் எனக்குப் பிடிக்காத ஒன்று, பரிமாற ஆளில்லாதது. வாழையிலையில் நாம் ‘போதும்’ என்று கை மறிக்க, ‘இன்னும் ஒரு கரண்டி’ என்று ஒருவர் குனிவாரே, அந்த ஒரு கரண்டிக்குத்தான் ருசி. இங்கே யாரும் குனிவதில்லை என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். அன்றைக்குக் கடைக்கார அம்மா மேசை துடைக்க வந்தவர், அத்தையின் காலித் தட்டைப் பார்த்துவிட்டு, “தம்பா லாகி, நெனெ” என்றார். இன்னும் போட்டுக்கொள்ளுங்கள், பாட்டி. அத்தை தோட்டத்து மலாயில் ஏதோ சொல்லிச் சிரித்தார். அந்த அம்மாவுக்கும் எழுபதுக்குக் குறையாது. அவர் அப்பா அம்மாவும் வேலிக்குள் இருந்தவர்களாம். ஐந்து நிமிடம் இரண்டு பேரும் உடைந்த மலாயில் அரிசி விலை பேசினார்கள்.

இரண்டு பேருக்கு 26 வெள்ளி, தே ஓ தனி. அபராதம் கட்டவில்லை, என் தட்டில் மிஞ்சிய பிஹூனையும் அத்தையே முடித்துவிட்டார்.

புரட்டாசியில் அந்தப் பக்கம் போகிறவர்கள் பன்னிரண்டரைக்குள் போய்விடுங்கள். அதற்கப்புறம் ஆலை வேலையாட்கள் வந்தால் மட்டன் கறி தீர்ந்துவிடும். சீனச் சைவத்தில் சில பண்டங்களில் முட்டை சேர்ப்பார்கள். விரதக்காரர்கள் கேட்டுவிட்டு எடுங்கள்.