தூசி படியாத வடிகட்டி

கோடையின் தொடக்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. புனே நகரின் கட்கிப் பகுதியில், ஒரு வீட்டின் வாசலில் 12 ஆண்டுப் பழைய பெட்ரோல் கார் பானெட்டைத் திறந்தபடி நின்றது. அதன் முன்னே கையில் திருப்புளியோடு நின்றவர் ஒரு புள்ளியியல் ஆசிரியை. ராஜகுருநகரில் ஒரு கல்லூரியில் மணிக்கணக்கு ஊதியத்தில் கற்பிக்கிறார். வகுப்பு நடந்தால்தான் ஊதியம். விடுமுறையில் அதுவும் இல்லை. பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் அவருடைய தந்தை. கட்கியின் 512 ராணுவத் தளப் பணிமனையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். வேலூர்ப் பக்கத்திலிருந்து பிழைப்புக்காக வந்த குடும்பம். கண்ணழுத்த நோய் பார்வையில் பெரும்பகுதியைக் கொண்டுபோய்விட்டது. வெளிச்சமும் நிழலும் மட்டும் தெரியும்.

சில வாரங்களாகவே கார் காலையில் புறப்படும்போது நீலம் பாய்ந்த புகையை விட்டது. எஞ்சின் எண்ணெயும் குறைந்துகொண்டே வந்தது. வழக்கமாகப் போகும் பணிமனையில் எஞ்சினைப் பிரிக்க வேண்டும் என்று சொல்லி ஒரு தொகையை எழுதிக் கொடுத்தார்கள். அது மகளின் மூன்று மாத வருமானத்தைவிட அதிகம். காரை விற்றுவிடலாம் என்றால், சுமார் 40 கி.மீ. தொலைவிலுள்ள கல்லூரிக்குக் காலை முதல் வகுப்புக்குள் போய்ச் சேர்வது எப்படி?

அதே பணிமனையின் முந்தைய ரசீதில், ‘ஏர் பில்டர் சரிபார்க்கப்பட்டது, நல்ல நிலையில் உள்ளது’ என்ற வரியும் இருந்தது. எதையும் தொட்டுப் பார்க்காமல் நம்பாத தந்தை, முதலில் அதைத் திறக்கச் சொன்னார்.

கறுப்புப் பிளாஸ்டிக் பெட்டியின் கிளிப்புகளை விலக்கி மகள் வடிகட்டியை வெளியே எடுத்தார். விசிறி போல் மடிக்கப்பட்ட தாள். விளிம்பைச் சுற்றி ரப்பர். மடிப்புகள் ஏறக்குறைய வெள்ளையாகவே இருந்தன. ஒரு செலவு மிச்சம் என்று மகிழ்ந்து, “சுத்தமா இருக்குப்பா” என்றார்.

“இது போட்டு எத்தனை கிலோமீட்டர் ஆச்சு?”

“இருபத்திரண்டாயிரம்.”

தந்தை சற்று நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: “மோஷி வழியா இருபத்திரண்டாயிரம் ஓடியும் பில்டர் வெள்ளையா இருக்குன்னா, தூசியெல்லாம் எங்கம்மா போச்சு?”

அந்தச் சாலையை அறிந்தவர்களுக்குக் கேள்வியின் கனம் விளங்கும். போசரியைத் தாண்டினால் மோஷியின் கல்லுடைக்கும் ஆலைகள். அப்பால் சாகணின் தொழிற்சாலைகளுக்குப் போகும் லாரிகளின் வரிசை. காற்றில் பறப்பது தக்காணத்துக் கரும்பாறையின் பொடி. பெட்ரோல் எஞ்சினில் ஒரு பங்கு எரிபொருள் முழுமையாக எரிய, எடையில் 14.7 பங்கு காற்று வேண்டும். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 560 மீட்டர் உயரத்திலுள்ள புனேயின் காற்றைக் கணக்கில் கொண்டால், ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு ஏறத்தாழ 10,000 லிட்டர் காற்று. போகவர நாளொன்றுக்கு ஐந்து லிட்டர் பெட்ரோல் என்றால் 50,000 லிட்டர். கணக்கைப் போட்டவர் மகள்தான். போட்டு முடித்தபோது அவர் முகத்தில் மகிழ்ச்சி இல்லை.

வடிகட்டியைத் தாண்டி எஞ்சினுக்குச் செல்லும் குழாயின் உட்புறத்தைத் தந்தை விரலால் தடவினார். அந்தப் பக்கம் எப்போதும் துடைத்துவைத்ததுபோல் இருக்க வேண்டும். விரலில் நறநறவென்று பொடி ஒட்டியது. பெட்டியின் விளிம்பைச் சுற்றித் தடவிக்கொண்டே வந்தவர் ஓர் இடத்தில் நிறுத்தினார். ஒரு மூலையில் கிளிப் தன் பள்ளத்தில் அமராமல் வெளியே நின்றிருந்தது. அங்கே ரப்பர் விளிம்பும் மடங்கிக் கிடந்தது. காற்று எளிய வழியைத் தேடும். தாளைத் துளைத்துப் போவதைவிட அந்த இடுக்கு வழியே போவது அதற்குச் சுலபம். அப்படிப் போன கல்பொடி பிஸ்டன் வளையத்துக்கும் சிலிண்டர் சுவருக்கும் இடையே சாணைக்கல்லாக வேலை செய்தது. வளையங்கள் தேய்ந்ததும் எண்ணெய் மேலேறி எரிந்தது. நீலப் புகை அதுதான். எந்த நாளில் எந்தக் கை அந்தக் கிளிப்பைச் சரியாக மாட்டாமல் விட்டது என்பதை இனி யாரும் சொல்ல முடியாது.

இங்கே நன்னூல் நினைவுக்கு வருவதைத் தவிர்க்க இயலவில்லை. மாணாக்கரைத் தரம் பிரிக்கும் பவணந்தியார், கடைத்தரத்தில் நெய்யரியை வைக்கிறார். நெய்யை ஒழுகவிட்டுக் கசடைப் பிடித்துவைத்துக்கொள்ளும் பன்னாடை அது. வகுப்பறையில் இழிவான அந்தக் குணந்தான் எஞ்சின் பெட்டிக்குள் தலையாய குணம். கசடு பிடிக்காத நெய்யரியை எந்த எஞ்சினும் தாங்காது. சொல்லும் ஒரு வேடிக்கை காட்டுகிறது: ‘வடிகட்டி’யில் வடிவது நீர்மம்; காற்று வடியாது. ஆங்கிலத்தின் ‘பில்டர்’ மட்டும் என்ன? அழுத்திச் செய்த கம்பளித் துணியின் பெயரோடு உறவுடைய சொல், காகிதத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

பக்கத்து வீட்டு மராத்தி இளைஞன், “காகா” என்று அழைத்தபடி காற்றடிக்கும் குழாயோடு வந்தான். பெரியவர் கையசைத்துத் தடுத்தார். அழுத்தக் காற்று தாளின் இழைகளைக் கிழித்துக் கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகளை உண்டாக்கிவிடும். படிந்த தூசியும் ஓரளவு வரை நன்மையே. அது தாளின் துளைகளைச் சுருக்கி, அடுத்து வரும் தூசியை மேலும் நன்றாகப் பிடிக்கிறது. புதிய வடிகட்டியைவிடச் சற்று அழுக்கடைந்தது கூர்மையாக வேலை செய்யும் என்பது பலருக்கு நம்ப முடியாத செய்தி.

மைலேஜ் பற்றிய நம்பிக்கையும் அப்படித்தான். வடிகட்டியை மாற்றினால் பெட்ரோல் மிச்சமாகும் என்று பணிமனைக்குப் பணிமனை சொல்கிறார்கள். கார்புரேட்டர் காலத்தில் அதற்கு அடிப்படை இருந்தது. இன்றைய எஞ்சின்களில் உள்ளே வரும் காற்றின் அளவுக்கேற்ப எரிபொருளைக் கணினி குறைத்துவிடுகிறது. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009இல் வெளியிட்ட ஆய்வில், அடைபட்ட வடிகட்டியால் இத்தகைய கார்களின் எரிபொருள் செலவு குறிப்பிடத்தக்க அளவு மாறவில்லை. வேகமெடுக்கும் திறன்தான் குறைந்தது. ஆக, வடிகட்டி காப்பது எஞ்சினின் ஆயுளை. ரசீதுகளில் அதை யாரும் எழுதுவதில்லை, உடனே கண்ணுக்குத் தெரியும் லாபம் அதில் இல்லாததால்.

மறுநாள் மகள் நானா பேட்டுக்குப் போய்ச் சில நூறு ரூபாய்க்குப் புதியதொன்றை வாங்கி வந்தார். பெட்டியை ஈரத் துணியால் துடைத்தார். குழாயின் வாயை வேறொரு துணியால் அடைத்துக்கொண்டுதான் துடைக்க வேண்டும் என்பது தந்தையின் கட்டளை. பொருத்தியபின் ஒவ்வொரு கிளிப்பையும் தந்தை தாமே அழுத்தி, ‘டக்’ என்ற ஒலியைக் கேட்டுச் சரிபார்த்தார். மூலையிலிருந்ததை மட்டும் இரண்டு முறை.

தேய்ந்தது தேய்ந்ததுதான், புதிய வடிகட்டி அதை மீட்டுத் தராது. எஞ்சினைப் பிரிப்பதா வேண்டாமா என்பதை எண்ணெய்க் கணக்கு சொல்லட்டும் என்று இருவரும் முடிவு செய்தனர். மகள் ஒரு நோட்டில் ஓடிய தூரத்தையும் டிப்ஸ்டிக்கில் எண்ணெய் நின்ற இடத்தையும் எழுதத் தொடங்கினார். முதல் 1,000 கி.மீ.யில் அரை லிட்டர் குறைந்தது. அடுத்த 1,000 கி.மீ.யிலும் அரை லிட்டர்தான். எண்களை வாசித்துக் காட்டியபோது, “கூடலயே?” என்று மட்டும் கேட்டார் தந்தை. கூடவில்லை. பணிமனை எழுதிக் கொடுத்த தாளை அந்த நோட்டுக்குள்ளேயே மடித்துவைத்தார் மகள். இப்போது காரின் டிக்கியில் ஒரு லிட்டர் எண்ணெய் டப்பாவும் ஒரு பழைய புனலும் இருக்கின்றன.