தேங்காய்க் கணக்கு

ஆனைமலையில் இருக்கும் என் சின்னம்மா இரண்டு வருஷமாக அதிகம் பேசவில்லை. மாசாணியம்மனுக்கு நேர்ந்துகொண்டதிலும் குறைவில்லை, மாத்திரையிலும் குறைவில்லை. அந்த இரண்டு வருஷத்தில் நான் போய்ப் பார்த்தது இரண்டே தடவைதான்.

கடைசியில் கோயமுத்தூரில் காந்த சிகிச்சை என்றார்கள். ஐந்து வாரம் தினமும் நானே காரில் கூட்டிப்போனேன். தலையோரம் ஒரு கம்பிச் சுருளை வைப்பார்கள். மரங்கொத்தி கொத்துவதுபோல் சத்தம் வரும். காந்தத் துடிப்பு மண்டையோட்டைத் தாண்டி மூளையில் சிறு மின்சாரத்தைக் கிளப்பும். 1985இல் ஷெஃபீல்டில் ஆன்டனி பார்க்கர் குழுவினர் கண்ட வழி அது.

"முன்னும் பின்னும் மூளையைப் படம் எடுத்துக் காட்டுங்களேன்" என்றேன் டாக்டரிடம். கதை எழுதுகிறவன் புத்தி!

அவர் சிரித்தார். "அதெல்லாம் ஆராய்ச்சிக்குங்க. அதில் தெரிவதும் மனசு இல்லை, ரத்தம்."

வீட்டுக்கு வந்து படித்துப் பார்த்தேன். மூளையில் வேலை நடக்கும் இடத்துக்கு ரத்தம் கூடுதலாகப் பாயும். அதில் பிராணவாயு மாறுவதைக் காந்தப் படத்தில் காணலாமென்று 1990இல் செய்ஜி ஒகாவா காட்டினார். 2005இல் வெளியான ஓர் ஆய்வில், டொரன்டோவில் ஹெலன் மேபர்க் குழுவினர், மருந்துக்கு மசியாத சோகம் பிடித்த ஆறு பேரின் மூளைக்குள் மின்கம்பி வைத்தார்கள். நால்வர் தேறினார்கள். மிகையாக ரத்தம் ஓடிய ஒரு மூலை அடங்கியதைப் படமும் சொல்லிற்று.

கதை அங்கே முடிந்திருந்தால் அழகாயிருக்கும். 2017இல் வெளியான பெரிய சோதனையில் 90 பேருக்கும் கம்பி வைத்து, சிலருக்கு மட்டும் மின்சாரம் விடாமலிருந்தார்கள். ஆறு மாதத்தில் இரு சாராருக்கும் சொல்லத்தக்க வித்தியாசமில்லை. படம் பொய்யல்ல, எங்கே தொடலாமென்று வழி காட்டும். ஆனால் எதனால் தேறினார் என்பதை அது மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது.

நாலாவது வாரம், கார் ஊரை நெருங்கும்போது சின்னம்மா வாய் திறந்தாள்.

"ஏஞ்சாமி, மேக்காலத் தோப்புல எத்தனை காய் போட்டாங்க?"

காந்தமா, தினமும் பக்கத்தில் ஓர் ஆள் உட்கார்ந்திருந்ததா? தெரியவில்லை. தோப்போரம் காரை நிறுத்தி, இருவரும் இறங்கி எண்ணினோம்.