கண்ணீரே சாட்சி: புர்தா எனக்கு உணர்த்திய அன்பு



அண்ணல் நபி (ஸல்) அவர்கள்மீது பாடப்பெற்ற புகழ்ப்பாக்களுள் நம் இல்லங்களுக்கு மிக நெருக்கமானது கஸீதத்துல் புர்தா. ஹிஜ்ரி ஏழாம் நூற்றாண்டில் எகிப்தில் வாழ்ந்த இமாம் ஷரஃபுத்தீன் அல்பூஸிரி (ரஹ்) அவர்கள் இதனை இயற்றினார்கள். ஏறத்தாழ 160 பைத்துகள், 10 அத்தியாயங்கள். முதல் அத்தியாயத்தைப் பாடமாக நடத்தும்போதெல்லாம் மாணவியர் தயங்கியபடி ஒன்றைக் கேட்பர்: "உஸ்தாதா, இது காதல் பாட்டுப் போலல்லவா இருக்கிறது?"

ஆம், அன்பின் பாட்டுத்தான். முதல் அத்தியாயத்தில் நபி (ஸல்) அவர்களின் திருப்பெயர்கூட இல்லை. பிரிந்தோரை எண்ணி ஒருவர் அழுகிறார். ஏன் இந்த அழுகை என்று வினா எழுகிறது. அவர் மறைக்க முயல்கிறார். ஆனால் அவருடைய கண்ணீரும் உடல் நலிவும் நேர்மையான இரு சாட்சிகளாக நின்று அவருடைய அன்பை மெய்ப்பித்துவிடுகின்றன. பிரிவுத் துயரைச் சொல்லிக் கவிதையைத் தொடங்குவது பழைய அரபு மரபு. கஅப் இப்னு ஸுஹைர் (ரலி) அவர்களும் பெருமானாரின் திருமுன் தம் கவிதையை அவ்வாறே தொடங்கினார்கள். அதனைச் செவியுற்ற பெருமானார் தம் மேலாடையை அவர்களுக்கு அளித்ததாக வரலாறு கூறுகிறது.

பூஸிரி இமாமின் வரலாற்றிலும் ஒரு மேலாடை உண்டு. பக்கவாதத்தால் உடலின் ஒரு பாதி செயலற்றுக் கிடந்த காலத்தில் இமாம் அவர்கள் இக்கவிதையை இயற்றினார்கள். கனவில் நபி (ஸல்) அவர்கள் தோன்றி, திருக்கரத்தால் தடவித் தம் போர்வையைப் போர்த்தினார்கள். விழித்தெழுந்தபோது இமாம் அவர்கள் நலம் பெற்றிருந்தார்கள். புர்தா என்ற பெயர் நிலைத்தது இதனாலேயே.

நான்கு ஆண்டுகளுக்கு முன் என் உம்மாவைப் பக்கவாதம் தாக்கியது. வலக் கையும் வலக் காலும் செயலிழந்தன, பேச்சும் போயிற்று. நலம் விசாரிக்க வந்த உறவினர் அனைவரும் பூஸிரி இமாமின் வரலாற்றையே நினைவூட்டினர். "வெள்ளி இரவுதோறும் ஓது, உம்மா எழுந்துவிடுவார்" என்றனர். மருத்துவமும் உடற்பயிற்சியும் ஒருபுறம் நடக்க, வெள்ளி இரவுதோறும் உம்மாவின் கட்டிலருகே அமர்ந்து ஓதினேன். மாதங்கள் கடந்தன. உம்மா எழவில்லை. ஒருநாள் பெரியம்மா கேட்டார்: "பலன்தான் தெரியவில்லையே, இன்னும் ஏன் ஓதுகிறாய்?"

அந்தக் கேள்வி என்னை உறங்கவிடவில்லை. அன்றிரவு கவிதையின் இறுதிப் பகுதியை மீண்டும் படித்தேன். அங்கே இமாம் அவர்கள் இறைஞ்சுவது பாவமன்னிப்பையும் இறையருளையுமே. செயலற்ற கையையும் காலையும் பற்றிய முறையீட்டை அங்கே நான் காணவில்லை. நலம் அல்லாஹ் நாடி அளித்த கொடை. கவிதையோ, நலம் வருமோ வராதோ என்று அறியாத நிலையில், படுக்கையிலிருந்து எழுந்த அன்பு. அதைக் கொடைக்கான விலையாக்கிவிட்டால், நலம் பெறாதவர்களின் அன்பெல்லாம் வீண் என்றாகிவிடாதா?

உம்மா அரபு மொழி கற்றவர் அல்லர், ஓதக் கற்றவர். பொருளை அவர் அறிந்தது, அவருடைய உம்மா வைத்திருந்த அரபுத்தமிழ் ஏட்டின் வழியாகத்தான். இன்று அவரால் ஒரு சொல்லும் சொல்ல இயலாது. ஆயினும் நான் ஸலவாத்தைத் தொடங்கியதும் அவருடைய இடக் கை விரல்கள் போர்வையின்மேல் ஓசைக்கேற்ப அசையும், கண்கள் நிறையும். நாவு சாட்சி சொல்ல முடியாதபோது கண்ணீர் சொல்கிறது. பல்லாண்டுகளாக வகுப்பறையில் நான் உரை சொல்லிவந்த பைத்துக்கு உம்மாவின் முகமே உரையாயிற்று.

இரண்டாம் அத்தியாயத்தில் இமாம் அவர்கள் நஃப்ஸைப் பால்குடிக் குழந்தைக்கு ஒப்பிடுகிறார்கள். விட்டுவிட்டால் குடித்துக்கொண்டே வளரும், மறக்கடித்தால் மறந்துவிடும். வேப்பிலை அரைத்துத் தடவிப் பால் மறக்கடித்த தாய்மார்க்கு இது விளக்கம் வேண்டாத உவமை. குழந்தை அழும், தாயும் உள்ளே அழுவாள். அன்பு குறைந்ததால் அன்று, அன்பினாலேயே மறுக்கிறாள். "ஓதினேன், ஆகவே கொடு" என்று அடம்பிடித்த என் உள்ளத்துக்கும் இந்த நான்கு ஆண்டுகள் ஒரு பால்மறப்புக் காலம் என்றே இப்போது தோன்றுகிறது. கேட்பதை நான் நிறுத்தவில்லை. துஆ கேட்பது அடியாரின் கடமை. நலமளிப்பவன் அவன் ஒருவனே. ஆனால் கேட்டது கிடைத்தால்தான் நேசிப்பேன் என்ற நிபந்தனை மெல்ல உதிர்ந்து வருகிறது.

பெரியம்மாவுக்கு நான் சொன்ன மறுமொழி இதுதான்: "உம்மாவை எழுப்புவதற்காக மட்டும் ஓதவில்லை பெரியம்மா. உம்மா நேசிப்பவரை உம்மாவோடு சேர்ந்து நேசிப்பதற்காக ஓதுகிறேன்." அவர் ஒன்றும் பேசவில்லை. அடுத்த வெள்ளி இரவு, தம் கண்ணாடியை எடுத்துக்கொண்டு ஓத வந்து அமர்ந்தார்.

நோயுற்றோரைப் பேணும் இல்லங்கள் நம்மிடையே பல. ஓதியும் நலம் காணாத வீட்டாரிடம், ஈமானில் குறை என்று எவரும் சொல்லிவிட வேண்டாம். அவர்களருகே அமர்ந்து சேர்ந்து ஓதுங்கள்.

யா அல்லாஹ்! நோயுற்றோர் அனைவருக்கும் ஷிஃபாவை அருள்வாயாக. உன் ஹபீபின் மீதுள்ள அன்பை எங்கள் நாவுகள் ஓய்ந்த பின்னும் எங்கள் நெஞ்சங்களில் நிலைக்கச் செய்வாயாக. ஆமீன்.