நாலு கலரும் எட்டுக்கு எட்டு கட்டமும்

பழைய டாஸ் கேம் படம் எதையாவது பாத்திருக்கீங்களா? கறுப்புப் பின்னணி, அதுமேல வெளிர்நீலமும் அடர் ரோஸும் வெள்ளையும். கல்யாண வீட்டு சீரியல் பல்பு மாதிரி கண்ணைக் குத்தும். ஆபீஸ்ல யாருகிட்ட காட்டினாலும் "அந்தக் காலத்து ஆளுங்களுக்கு ரசனையே கிடையாதா?"ன்னுதான் கேக்குறாங்க. அந்தக் கலர்களுக்குக் காரணமான சிஜிஏ கார்டுக்கு வக்காலத்து வாங்கத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் கணக்கு வரும், பயப்படாதீங்க :-)

1981 ஆகஸ்டில் ஐபிஎம் தன் முதல் பிசியை வெளியிட்டபோது திரைக்கென்று இரண்டு கார்டு வைத்திருந்தது. ஒன்று எம்டிஏ. பச்சை எழுத்து மட்டும்தான், படம் வரையவே முடியாது. கணக்கு எழுதுகிற ஆபீஸ்களுக்கானது. இன்னொன்று சிஜிஏ. கலர் வரும், படமும் வரையலாம். விலை 300 டாலர்.

சிஜிஏ கார்டில் இருந்த மெமரி 16 கேபி. இப்போ நாம வாட்ஸப்பில் அனுப்புற ஸ்டிக்கர் கூட அதைவிடப் பெருசு. 320-க்கு 200 புள்ளின்னா மொத்தம் 64,000 புள்ளி. ஒரு புள்ளிக்கு 2 பிட் கொடுத்தா 16,000 பைட். 16 கேபிங்கிறது 16,384 பைட். கதை முடிஞ்சுது. மூணாவது பிட்டுக்கு இடமே இல்லை. 2 பிட்டில் எண்ண முடிஞ்சது நாலே நாலு கலர். பின்னணியை மட்டும் 16 கலரிலிருந்து எடுத்துக்கலாம். மற்ற மூணும் செட் செட்டாத்தான் வரும்: வெளிர்நீலம், அடர் ரோஸ், வெள்ளை, இல்லேன்னா பச்சை, சிவப்பு, பழுப்பு. ரசனைக் குறைவுன்னு நாம சொல்றது உண்மையில் ஒரு வகுத்தல் கணக்கு.

அந்தப் பழுப்புக்குத் தனிக் கதை உண்டு. கணக்குப்படி அங்கே வரவேண்டியது அழுக்கு மஞ்சள். பாக்க சகிக்கலை போல. 1983-ல் வந்த ஐபிஎம்மின் கலர் மானிட்டருக்குள்ளே, அந்த ஒரு நிறம் வரும்போது மட்டும் பச்சையைப் பாதியாக் குறைக்க ஒரு சர்க்யூட் வெச்சாங்க. மஞ்சள் பழுப்பாச்சு. ஒரே ஒரு கலருக்காக தனி சர்க்யூட்! ரசனை இல்லாதவங்க செய்யற வேலையா இது?

அதைவிட ஆச்சரியம் டிவி விஷயம். சிஜிஏவில் மானிட்டருக்கான கனெக்டர் போக, டிவி மாதிரியான திரைகளுக்கு காம்போசிட் அவுட்புட்டும் இருந்தது. 640-க்கு 200 மோடில் புள்ளிகள் ஓடுற வேகம், அமெரிக்க என்டிஎஸ்சி டிவியின் கலர் அலையைப் போல சரியாக நாலு மடங்கு. அதனால பக்கத்து பக்கத்துல இருக்கிற நாலு கறுப்பு வெள்ளைப் புள்ளியை டிவி பிரிச்சுப் பாக்காது, மொத்தமா ஒரு கலர்னு நினைச்சுக்கும். நாலு புள்ளியை 16 விதமா அடுக்கலாம் இல்லையா? 16 விதமான சிக்னல் வந்துடும். அந்த வித்தையை நம்பி வரைஞ்ச கேம்கள் உண்டு. அதையே மானிட்டரில் போட்டா வெறும் கோடு கோடா தெரியும். இன்னிக்கு நாம பாத்து சிரிக்கிற படங்களில் சிலது, வரைஞ்சவர் கண்ணால பாத்த படமே இல்லை. (நம்மூர் டிவி பிஏஎல் என்பதால் இந்த மாயம் நமக்குக் கொடுத்து வைக்கலை.)

2015-ல் ஜெர்மனியில் நடந்த ரெவிஷன் போட்டியில், இதே வித்தையை இழுத்து இழுத்து ஒரு குழு 1,024 கலர் வரைக்கும் கொண்டு வந்துட்டாங்க. கார்டு அதே 1981 கார்டு!

சரி, கலருக்கு வக்காலத்து முடிஞ்சுது. எனக்கு அந்தக் கார்டு மேல ஒரு வருத்தமும் இருக்கு. அது எழுத்தைப் பத்தி.

டெக்ஸ்ட் மோடில் சிஜிஏ ஒரு எழுத்துக்குக் கொடுத்த இடம் எட்டுக்கு எட்டு கட்டம். எம்டிஏவில் ஒன்பதுக்கு பதினாலு. எழுத்தின் உருவம் ரோமில் பதிஞ்சிருக்கும், டெக்ஸ்ட் மோடில் மாத்த முடியாது. ஒருநாள் ராத்திரி கட்டம் போட்ட தாளை எடுத்து நம்ம எழுத்தை எட்டுக்கு எட்டுல வரைஞ்சு பாத்தேன். ட, ப ரெண்டும் சொன்ன பேச்சு கேட்டுது. ஃ பிரமாதம், அது புள்ளி வைக்கவே பிறந்த எழுத்து :-) ண-வில் மாட்டினேன். மூணு சுழியை எங்க வைக்கிறது? ணீ, ழு எல்லாம் கட்டத்தை விட்டு மேலேயும் கீழேயும் எகிறிடுச்சு. அந்தக் கட்டம் ஆங்கிலத்தை அளவெடுத்து தைச்ச சட்டை. மத்தவங்க உடம்பைக் குறைச்சுக்கணும்.

உடம்பைக் குறைச்சுக்க மறுத்த ஒருத்தர் இருந்தார். வான் சுவன்னுகுல், தாய்லாந்துக்காரர். தன் முனைவர் பட்ட ஆய்வேட்டை ஐபிஎம் பிசியில் தாய் எழுத்தில் எழுத நினைச்சார். எம்டிஏவில் அந்த எழுத்தே இல்லை, சிஜிஏவில் புள்ளி போதலை. 1982-ல் தானே ஒரு கார்டு செஞ்சார். அதுதான் ஹெர்குலிஸ். எம்டிஏவின் அதே மானிட்டரில் 720-க்கு 348 புள்ளியில் படமும் வரையும். கலர் கிடையாது, ஆனா எந்த எழுத்தையும் வரையலாம். லோட்டஸ் 1-2-3 அதுக்கு ஆதரவு கொடுத்ததும் கார்டு உலகம் பூரா வித்துது. தாய்மொழியில் எழுதணும்னு ஒருத்தர் பிடிச்ச பிடிவாதத்தில், அந்த மொழியே தெரியாத அக்கவுண்டண்ட் எல்லாம் கிராஃப் போட்டாங்க.

நம்ம பக்கமும் சும்மா இருக்கலை. ஐஐடி கான்பூரில் தொடங்கி, பிறகு சி-டாக் கொண்டுவந்த ஜிஸ்ட் கார்டு, பிசியில் சொருகினால் இந்திய எழுத்துக்களைக் காட்டும். தனி ஹார்டுவேர் சொருகித்தான் தன் மொழியைப் பாக்கணும்கிற நிலைமையை யோசிச்சுப் பாருங்க.

அதெல்லாம் பழைய கதைன்னு நினைக்காதீங்க. நான் வேலை செய்யறது மளிகைக்கடை பில்லிங் சாஃப்ட்வேரில். மூணு இன்ச் பில் பிரிண்டருக்குள்ளேயும் இதே மாதிரி எழுத்துக் கட்டம்தான் இருக்கு. எங்க கடைகளில் இருக்கிற பிரிண்டர்களில் தமிழ் கிடையாது. அதனால 'கொத்தமல்லி' ஆங்கில எழுத்தில் அச்சாகுது, வாங்கிட்டுப் போற பாட்டி பில்லைப் படிக்க முடியாம பேத்தி கையில் கொடுக்கறாங்க. தீர்வு ஹெர்குலிஸ் காட்டினதுதான்: எழுத்தா அனுப்பாம படமா வரைஞ்சு அனுப்பணும். கொஞ்சம் மெதுவாகும், அவ்வளவுதான். மீட்டிங்கில் சொன்னேன். "அடுத்த ஃபேஸில் பாக்கலாம்"னாங்க. மூணு மீட்டிங்கா அதே பதில்.

நாலாவது மீட்டிங் வரைக்கும் காத்திருக்கலை. போன சனி, ஞாயிறு உக்காந்து நானே எழுதி முடிச்சேன். ஒரு பில்லுக்கு ஒரு செகண்ட் கூடுது. 'பச்சைப்பயறு', 'வெண்ணெய்', 'கிழங்கு' எல்லாம் சுழி பிசகாம வந்துது. திங்கக்கிழமை அந்தத் துண்டுக் காகிதத்தை மேனேஜர் மேசையில் வெச்சுட்டேன். இன்னும் பதில் வரலை. ஆனா காகிதத்தைக் குப்பையில் போடலை, மானிட்டர்ல ஒட்டி வெச்சிருக்கார். பாப்போம்.