இரைச்சலின் இருப்பிடம்

இயந்திரங்களோடு வாழப் பழகியோர் அவற்றின் ஓசையைக் கேட்பதில்லை. வீதியோரத்து வீட்டார்க்கு வாகனங்களின் ஆரவாரம் காலப்போக்கிற் கேளாதொழிவது போன்று, கணினியின் முன் நாள்தோறும் அமர்வோர்க்கு அதன் இரைச்சலும் கேளாதொழிகின்றது. அது நின்றுபோகும் கணத்திலேயே, அதுவரை அது இருந்தது என்பது தெரியவருகின்றது. 2022 ஆம் ஆண்டின் முற்பகுதியில் இலங்கை முழுவதும் நாளொன்றுக்குப் பல மணிநேரம், மார்ச் மாத இறுதியில் 13 மணிநேரம் வரையும், மின்சாரம் தடைப்பட்டது. யாழ்ப்பாணத்துக் கிராமமொன்றின் சிறிய வீட்டில் இவ்வுண்மை உணரப்பட்டது அந்நாட்களிலேதான். மின்சாரம் போனதும் வேலியிற் பனையோலை உரசும் ஓசையும், அயல்வீட்டுக் கிணற்றில் வாளி இறங்கும் ஓசையும் கூடத்துள் வந்தன. மின்சாரம் மீண்டதும் அவை போயின.

அக்கூடம் மூவர்க்குப் பொதுவானது. தாயார் ஒரு மூலையில் மிதியியந்திரத்தில் பாடசாலைச் சீருடைகள் தைப்பார். மகள் நடுவிலுள்ள மேசையில் உயர்தரப் பரீட்சைக்குப் படிப்பாள். கலைப்பீட மாணவனாகிய மகனின் கணினி தையல் இயந்திரத்தின் அருகே, இரும்பு மேசையொன்றின் மீதிருந்தது. 2020 இல் விரிவுரைகள் இணையவழிக்கு மாறியபோது, தையற்கூலியிற் சேர்த்த பணத்திற் பழையதாக வாங்கப்பட்ட கணினி அது. இன்டெல் நிறுவனத்தின் நான்காந் தலைமுறைச் செயலியும், சுழலும் வன்தட்டும், கடைக்காரர் மேலதிகமாகப் பொருத்திக் கொடுத்த கிராபிக்ஸ் காட் ஒன்றும் அதனுள் இருந்தன. எழுதுவதற்கும் வாசிப்பதற்கும் அது போதுமானதாகவே இருந்தது.

போதாமை வெளிப்பட்டது 2024 இலேயே. இறுதியாண்டு ஆய்வுக்காக அவன் நாட்டார் பாடல்களைத் தேர்ந்துகொண்டான். வன்னியிலிருந்து மகள் வீட்டுக்கு வந்து தங்கியிருந்த ஆச்சி ஒருவர், எண்பது வயதைக் கடந்தவர், அருவி வெட்டுப் பாடல்களையும் ஒப்பாரிகளையும் அறிந்திருந்தார். கூடத்தில் அவரை அமர்த்தி, இரவல் பெற்ற ஒலிவாங்கியைக் கணினியில் இணைத்து முதலாவது பதிவைச் செய்தான். மீட்டுக் கேட்டபொழுது ஆச்சியின் குரலுக்குக் கீழே மற்றொரு குரல் விடாது இழுத்துக்கொண்டிருந்தது. பாடலொன்றின் நான்காம் அடியில் வரும் சொல் ‘கொடி’யா ‘குடி’யா என்பதை அவனாற் தீர்மானிக்க இயலவில்லை. கொடியாயின் அப்பாடல் வயலைப் பற்றியது. குடியாயின் வயலை இழந்தவர்களைப் பற்றியது. ஆச்சியிடமே கேட்கலாமே என்று தோன்றக்கூடும். அவன் கேட்டான். “பாடினாத்தான் மோனை வரும், சொல்ல வராது” என்றார் அவர். பாடச் சொன்னால் அன்றைக்கு மூச்சு இடங்கொடுக்கவில்லை.

மாற்று வழிகளையும் அவன் பார்க்காமலில்லை. கைபேசியிற் பதிந்தால், அதன் தன்னியக்க இரைச்சல் நீக்கம் இழுத்துப் பாடும் சொற்களின் ஈறுகளையும் இரைச்சலென்று எண்ணி விழுங்கிவிட்டது. முற்றத்திற் பதியலாமென்றால் காகமும் முச்சக்கரவண்டியும் கோயில் ஒலிபெருக்கியும் இருந்தன. கணினியிலுள்ள மென்பொருளால் இரைச்சலை நீக்கியபோது ஆச்சியின் குரல் தண்ணீருக்கு அடியிலிருந்து வருவது போலாயிற்று. அறுவடைக்கு முன் ஆச்சி ஊர் திரும்பிவிடுவார். ஆகவே இயந்திரத்தை அடக்குவதைத் தவிர வேறு வழியிருக்கவில்லை.

கையிலிருந்தது 25,000 ரூபா. 2022 மார்ச்சில் ரூபாவின் பெறுமதி தளர்த்தப்பட்டபின் 200 ரூபா அளவிலிருந்த டொலர் இரு மாதங்களுள் 360 ரூபா அளவுக்கு உயர்ந்ததையும், பின்னர் ஓரளவு இறங்கியும் பழைய நிலைக்கு அது மீளாததையும் கருதினால், அப்பணத்தின் எல்லை விளங்கும். நண்பரொருவர் கண்ணாடிச் சுவரும் வண்ண விளக்கு விசிறிகளும் கொண்ட புதிய பெட்டியைச் சிபாரிசு செய்தார். இன்னொருவர் மின்வழங்கியே குற்றவாளியென்றார். கடையிலோ புதிய கணினியையே வாங்கும்படி சொன்னார்கள். ஒவ்வொருவரும் தமக்குப் பிடித்த பாகத்தைப் பரிந்துரைத்தனரேயன்றி, எப்பாகம் இரைகின்றது என ஒருவரும் கேட்கவில்லை.

அக்கேள்வியைக் கேட்டவர் தாயார். “தம்பி, எதைக் கழட்டப்போறாய்? எது கத்துதெண்டு பாத்தனியோ?”

முப்பது ஆண்டுகளாகத் தையல் இயந்திரத்தின் குரலைக் கேட்டே அதன் நோயை அறிந்துவந்தவர் அவர். அடுக்களையிலிருந்து அடுப்பூதும் குழலை எடுத்துவந்து ஒரு முனையைக் காதிலும் மறுமுனையைத் திறந்த பெட்டியின் ஒவ்வொரு பாகத்தின் அருகிலும் வைத்துக் கேட்டார். மகன் எண்ணியிருந்த ஒரேயோர் இரைச்சல் அப்பொழுது ஐந்தாகப் பிரிந்தது. செயலியின் மேலுள்ள விசிறி சீறியது. கிராபிக்ஸ் காட்டின் சின்ன விசிறி கீச்சிட்டது. பெட்டியின் பின்புற விசிறி உறுமியது. மின்வழங்கி பெருமூச்சு விட்டது. வன்தட்டு தானாக அதிகம் ஒலிக்கவில்லையாயினும், நிமிடத்துக்கு 7200 முறை, அதாவது செக்கனுக்கு 120 முறை சுழலும் அதன் அதிர்வு இரும்பு மேசையில் இறங்கி மேசையையே பாடவைத்தது. ஆச்சியின் தாழ்ந்த குரலுக்குக் கீழே இழுத்துக்கொண்டிருந்தது அதுவே. பின்புற விசிறியைக் காட்டித் தாயார் சொன்னார்: “இது பல்லுத் தேஞ்ச சத்தமில்லை. புஸ்ஸிலை எண்ணெய் வத்தின சத்தம்.”

அவர் கூறியது முற்றிலும் சரியே. மலிவான விசிறிகளின் அச்சு எண்ணெய் ஊறிய சிறு உலோகக் குழாயொன்றினுள் சுழல்வது. எண்ணெய் வற்றினால் அச்சு அக்குழாயில் உராய்ந்து உறுமும். நடுவிலுள்ள ஒட்டுத்தாளை உரித்துத் தையல் இயந்திர எண்ணெயில் ஒரு துளி விட்டார். உறுமல் நின்றது. செலவு ஏதுமில்லை.

ஒலியின் கணக்கு சாதாரணக் கூட்டற் கணக்கன்று என்பதை ஈண்டு குறிப்பிடுதல் வேண்டும். சம அளவான இரு ஒலிகள் சேர்ந்தால் 3 டெசிபெல் மட்டுமே கூடும். ஒன்று மற்றையதைவிட 10 டெசிபெல் தாழ்ந்திருப்பின், தாழ்ந்ததை முற்றாக நீக்கினாலும் அரை டெசிபெல்கூடக் குறையாது. எனவே உரத்த பாகத்தை விட்டுவிட்டு மற்றவற்றுக்குச் செலவிடும் பணம் வீணாகும். உரத்தது அடங்கியபின் அடுத்தது உரத்ததாகிவிடும். விசிறியைப் பொறுத்தவரை வேகமே முதன்மையானது. வேகம் பாதியானால் ஏறத்தாழ 15 டெசிபெல் குறையும். 120 மில்லிமீற்றர் விசிறியின் பரப்பு 80 மில்லிமீற்றர் விசிறியினதிலும் இரண்டேகால் மடங்காதலால், அது மெதுவாகச் சுழன்றே அதேயளவு காற்றைத் தள்ளவல்லது. விசிறியையே ஒழித்துவிட முனைந்தோரும் உளர். 1980 இல் விசிறியின்றி வெளிவந்த ஆப்பிள் III கணினியின் தோல்விக்கு வெப்பமும் ஒரு காரணமாகச் சொல்லப்படுகின்றது. யாழ்ப்பாணத்துச் சித்திரை வெயிலில், உள்ளிழுக்கும் காற்றே 30 பாகையைத் தாண்டியிருக்கும் கூடத்தில், அவ்வாசை பொருந்தாது.

கணிப்பொறியின் தந்தையெனப் போற்றப்படும் சார்ள்ஸ் பபேஜ் இலண்டன் தெருப் பாடகர்களின் ஓசையைப் பொறுக்காது பல்லாண்டு போராடியவர் என்பதும், 1864 இல் தெருவிசையைக் கட்டுப்படுத்தும் சட்டம் நிறைவேறுவதற்கு அப்போராட்டம் துணைநின்றது என்பதும் இங்கு நினைவுக்கு வருகின்றன. அவர் கனவுகண்ட இயந்திரத்தின் வழித்தோன்றலே பாடகர் ஒருவரின் குரலை மூடி நின்றதை அவர் கேட்டிருந்தால் யார் பக்கம் நின்றிருப்பாரோ!

செயலியின் மேலிருந்த விசிறியைக் கழற்றியபோதுதான் வீட்டில் ஒரு கணம் பேச்சு நின்றது. விசிறியின் கீழுள்ள அலுமினியத் தகடுகளுக்கிடையே வெள்ளையும் நீலமுமாக நூற்பிசிர் கம்பளி போலப் படிந்து கிடந்தது. சீருடைகளின் நிறங்கள் அவை. காற்றுப் புகாமையாற் செயலி சூடேற, சூட்டைத் தணிக்க விசிறி முழுவேகத்திற் சுழன்றிருக்கின்றது. “என்ரை பஞ்செல்லே உள்ளுக்கை போய் அடைச்சிருக்கு” என்றார் தாயார். கணினி வந்ததும் அந்தப் பஞ்சினாலேயே என்று மகன் சொல்லவில்லை; சொல்லியிருக்கலாம். பல் துலக்கும் பழைய தூரிகையால் இருவரும் மௌனமாகத் தகடுகளைத் துப்புரவாக்கினர்.

அதன்பின் தீர்மானங்கள் விரைவாக அமைந்தன. விளையாட்டுக்கோ படத்தொகுப்புக்கோ பயன்படாத கிராபிக்ஸ் காட் தேவையற்றதாயிற்று. திரைக்கு வேண்டிய ஆற்றல் செயலியினுள்ளேயே இருந்தது. அதனைக் கழற்றி விற்றதில் சிறிதளவு பணமும் கிடைத்தது. சுழலும் வன்தட்டுக்குப் பதிலாக அசையும் உறுப்பேதுமற்ற எஸ்.எஸ்.டி. வாங்கப்பட்டது, பழையது பிரதிகளைக் காக்கும் பெட்டகமாக மேசையறைக்குட் போயிற்று. உலர்ந்து பொருக்காகியிருந்த வெப்பப் பசை மாற்றப்பட்டு, 120 மில்லிமீற்றர் விசிறி பொருந்திய உயரமான குளிர்விப்பான் செயலியின் மீது ஏறியது. மின்வழங்கியை மாற்றுவதா என்பதே நீண்ட ஆலோசனைக்குரியதாயிருந்தது. மின்னிணைப்பைத் துண்டித்த பின்னரும் அதனுள் ஆபத்தான மின்னேற்றம் தங்கியிருக்குமாதலால் அதனைத் திறந்து எண்ணெயிடுதல் தகாது. புதியது வாங்கவோ பணம் போதாது. ஆயினும் உள்வெப்பத்துக்கேற்ப வேகம் மாறும் விசிறி அதிலிருந்தது. காட் போய்ப் பெட்டியினுட் சூடு குறைந்ததும் அதன் பெருமூச்சும் தானாகத் தணிந்தது. மாற்றாமல் விட்டதே அதற்குரிய மாற்றமாயிற்று.

தாயார் நுளம்புவலைத் துணியிற் சிறு உறையொன்று தைத்துப் பெட்டியின் முன்புறத் துவாரங்களுக்கு மாட்டிவிட்டார். காற்றைச் சற்றே தடுத்தாலும் பிசிரைப் பிடிக்கும், வெள்ளிதோறும் கழுவலாம். மேசையின் கால்களுக்குப் பழைய இறப்பர்ச் செருப்பின் துண்டுகள் வைக்கப்பட்டன. 3,000 ரூபா மிஞ்சியது. அது மகளின் வினாத்தாட் தொகுதிக்குப் போயிற்று.

ஆச்சி ஊருக்குப் புறப்படுவதற்கு இரு நாட்கள் முன்பாக மீண்டும் வந்தார். கூரை மின்விசிறி நிறுத்தப்பட்டது. முதற்றவணை தொடங்கவிருந்த காலமாதலாற் சீருடைகள் குவிந்து கிடந்தன. எனினும் தாயார் மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டு அமர்ந்திருந்தார். திரையைப் பார்த்து ஆச்சி, “இப்ப இது ஓடுதோ மோனை?” என்று கேட்டார். ஓடுகிறது என்று அவன் தலையசைத்தான். அவர் நம்பாமல் பெட்டியின் மேற் கையை வைத்துப் பார்த்து, இளஞ்சூட்டை உணர்ந்தபின் பாடத் தொடங்கினார்.

நான்காம் அடியிலிருந்த சொல் ‘குடி’. அதற்கு முன் அவர் எடுத்த மூச்சும் பதிவாகியிருந்தது. பாடல் முடிந்து சில செக்கன்களின் பின் “முடிஞ்சுதோ?” என்று அவர் கேட்பதும், அதையடுத்துத் தையல் இயந்திரத்தின் மிதி அசையத் தொடங்குவதும் அப்பதிவில் உள்ளன. ஆய்வேட்டுடன் இணைத்த பிரதியிலும் அவை வெட்டப்படவில்லை.