தலசீமியா: ஃபெரிட்டின் ரிப்போர்ட் சொல்லாத விஷயம்

1/ இன்னைக்கு மே 8, உலக தலசீமியா தினம். ஒரு குழந்தைகிட்ட நான் கத்துக்கிட்டதைச் சொல்றேன். (அடையாளம் தெரியக்கூடாதுன்னு சில விவரங்களை மாத்தியிருக்கேன்.)

2/ தலசீமியா மேஜர் ஒரு மரபணுக் குறைபாடு. உடம்பால தேவையான ஹீமோகுளோபினைத் தயாரிக்க முடியாது. 2 முதல் 4 வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏத்தணும். எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை கிடைக்காத வரைக்கும் வாழ்நாள் முழுக்க இதேதான்.

3/ ஏத்துற ஒவ்வொரு யூனிட்லயும் சுமார் 200 மில்லிகிராம் இரும்பு இருக்கு. இவ்வளவு இரும்பை வெளியேத்த உடம்புக்கு வழி கிடையாது. இதயம், கல்லீரல், ஹார்மோன் சுரப்பிகள்ல போய்ப் படியும். வளர்ச்சி குறையும், வயசுக்கு வர்றது தள்ளிப்போகும். அதனாலதான் தினமும் இரும்பை வெளியேத்துற மருந்து.

4/ அவளுக்கு 11 வயசு. பார்க்க 8 வயசு மாதிரி இருப்பா. ஃபெரிட்டின் ஏறிக்கிட்டே போச்சு.
"மாத்திரை ஒழுங்கா குடிக்கறயா கண்ணு?"
"குடிக்கறேனுங்க மேடம்."
நான் நம்பல. அவங்கம்மாவைத் திட்டிட்டேன். மில் ஷிஃப்டை விட்டுட்டு வந்தவங்க, ஒண்ணும் பேசாம தலையைக் குனிஞ்சுக்கிட்டாங்க.

5/ மதியம் ரத்தம் ஏறிட்டு இருக்கும்போது பக்கத்துல போய் உக்காந்தேன். ஸ்கூல், ஃப்ரெண்ட்ஸ்னு பேசிட்டு இருந்தவ மெதுவா சொன்னா. டெஃபராசிராக்ஸை காலையில வெறும் வயித்துல கரைச்சுக் குடிச்சா வயிறு வலிக்குதாம், சில நாள் வயித்தால போகுதாம். காந்திபுரத்துல பஸ் மாறித்தான் ஸ்கூலுக்குப் போகணும்.
"பஸ்ஸுல வந்துருச்சுன்னா என்னங்க மேடம் பண்றது?"

6/ சனி, ஞாயிறு மட்டும்தான் குடிச்சிருக்கா. ஒரு வருஷமா நான் நம்பரைப் பார்த்தேன், பஸ்ஸைப் பத்திக் கேக்கவே இல்ல.

7/ நேரத்தை சாயங்காலத்துக்கு மாத்தினோம். ஸ்கூல் விட்டு வந்து, ராத்திரி சாப்பாட்டுக்கு அரைமணி முன்னாடி. அடுத்த சில மாசத்துல ஃபெரிட்டின் மெதுவா இறங்க ஆரம்பிச்சுது. (டாக்டரைக் கேக்காம நீங்களா மாத்தாதீங்க.)

8/ குழந்தைகளோட வாழ்க்கைத் தரத்தை அளக்க பெட்ஸ்கியூஎல்னு 23 கேள்வி இருக்கு. உடம்பு, மனசு, நட்பு, பள்ளி பத்தி. ஆஸ்பத்திரிக்குப் போக ஸ்கூலுக்கு லீவு போடறயான்னும் ஒரு கேள்வி உண்டு. அன்னைக்கு அவங்கம்மாகிட்ட மன்னிப்பு கேட்டேன். இப்பல்லாம் ரிப்போர்ட்டைத் திறக்கறதுக்கு முன்னாடி ஸ்கூலைப் பத்திக் கேக்கறேன்.

9/ உங்களால முடிஞ்சது ரெண்டு.
ஒண்ணு: காலேஜ் லீவு விட்டா ரத்த முகாம்கள் குறைஞ்சுடும். மே மாசமும் இந்தக் குழந்தைங்களுக்கு ரத்தம் வேணும். வந்து குடுங்க.

10/ ரெண்டு: கல்யாணத்துக்கு முன்னாடியோ, குழந்தைக்குத் திட்டமிடும்போதோ ஹீமோகுளோபின் எச்பிஎல்சி டெஸ்ட் எடுங்க. மாமன் பொண்ணு, அத்தை பையன்னு சொந்தத்துல கட்டறவங்க கட்டாயம் எடுங்க. ரெண்டு பேருமே கேரியரா இருந்தா ஒவ்வொரு கர்ப்பத்துலயும் குழந்தைக்கு நோய் வர 25% வாய்ப்பு. கேரியருக்கு பெரும்பாலும் எந்தத் தொந்தரவும் இருக்காது, டெஸ்ட் எடுத்தாத்தான் தெரியும்.

11/ போன தடவை வந்தப்ப அவ கேட்டது ஒண்ணுதான்: "அடுத்த ரத்தம் ஸ்போர்ட்ஸ் டேக்கு முன்னாடியே ஏத்திக்கலாமுங்களா மேடம்?" ஏத்தினோம்.